மாதம் எவ்வளவு முடியும்?

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காகக் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டதால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. தேநீர், அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை, அதன் பிறகு கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பிள்ளை, அங்கே ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு முடியும்?" முந்தாநாள் பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் மனைவியோடு வந்தான். ஒக்டோபரில் கனடா போகிறார்கள். ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள். கைபேசியில் ஓர் அட்டவணை வைத்திருந்தான். வாடகை, சாப்பாடு, பஸ், தொலைபேசி, இதர செலவு என்று வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதியதும் அதே அட்டவணைதான், கைபேசிக்குப் பதிலாக ஒரு சீஆர் கொப்பியில். அன்று யாராவது அந்தக் கொப்பியைப் பிடுங்கி, "இது போதாது" என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சொல்ல ஆளில்லை. அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் பதினொரு வருடம் வேலை செய்தவள். வரவு செலவு எழுதுவது என் தொழில். அப்படிப்பட்ட எனக்கே, 26,400 கனடிய டொலரோடு கனடாவில் போய் இறங்கி மூன்று மாதத்துக்குள் கை வெறுமையானது. கவனக்குறைவோ ஊதாரித்தனமோ அதற்குக் காரணம் இல்லை. மாதச் செலவை எழுதினேனே தவிர, எந்தக் காசு எந்தக் கிழமையில் போகும், எந்தக் காசு எந்தக் கிழமையில் வரும் என்று எழுதவில்லை. கம்பனிக் கணக்கில் காசோட்டம் என்று ஒவ்வொரு மாதமும் பார்த்தவள், சொந்தக் குடும்பத்துக்கு அதைச் செய்யவில்லை.

நாங்கள் கனடாவின் நிரந்தர வதிவிடத்துக்கான விண்ணப்ப வேலையைத் தொடங்கியது 2021இன் கடைசியில். அப்போது ஒரு கனடிய டொலர் ஏறத்தாழ 160 ரூபா. நான்கு பேர் கொண்ட குடும்பம் வங்கிக் கையிருப்பாகக் காட்ட வேண்டிய பணம் கிட்டத்தட்ட 25,000 டொலர் என்றார்கள். நாற்பது இலட்சம் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைப் பிடித்துவைத்திருந்த பிடியை விட்டது. மே மாதம் அதே தொகை எழுபது இலட்சமாகிவிட்டது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களில், எங்கள் ஆசைக்கும் கையிருப்புக்கும் இடையில் முப்பது இலட்சம் முளைத்து நின்றது. ஒரு வருடம் எல்லாவற்றையும் மூடிவைத்தோம். பிறகு ரூபா கொஞ்சம் நிமிர்ந்தது, விண்ணப்பிக்க அழைப்பும் வந்தது. 2023இல் காட்ட வேண்டிய தொகை 25,564 டொலர். அப்போதைய விலையில் அறுபத்தொரு இலட்சம். சீதனமாக எனக்கு வந்த காணியில் மூன்று பரப்பை 57 இலட்சத்துக்கு விற்றோம். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் பன்னிரண்டு பவுண் நகையை விற்றோம். தாலிக்கொடியை மட்டும் தொடவில்லை. நாள் கணக்குப் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ரூபாவில் சேமித்து டொலரில் செலவழிக்கப் போகிறவர்கள் திட்டத்தை ரூபாவில் எழுதக்கூடாது. டொலரில் எழுதி, அதற்கு மேல் குறைந்தது பத்தில் ஒரு பங்கு நாணய மாற்றத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 25,564 டொலரைப் பற்றித்தான் எனக்கு மிகப் பெரிய தவறான எண்ணம் இருந்தது. ஒரு நாட்டின் அரசாங்கமே "இவ்வளவு கொண்டுவா" என்கிறதே, அப்படியென்றால் ஒரு வருடத்துக்குப் போதும் என்றுதானே அர்த்தம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அந்தத் தொகை அங்குள்ள குறைந்த வருமானக் கோட்டின் சரிபாதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதாவது அந்த நாட்டின் ஏழைக் குடும்பம் ஒன்று ஆறு மாதம் சீவிப்பதற்கு. அதிலும் அந்தக் குடும்பத்திடம் ஏற்கெனவே கட்டில், மெத்தை, குளிருடுப்பு, சட்டி பானை எல்லாம் இருக்கும். நமக்கு ஒன்றும் இருக்காது. 2025இல் அது 28,362 டொலரானது. விசாவுக்கு அது போதும், சீவியத்துக்குப் போதாது. சொந்தக்காரர் ஒருவர், "பத்து இலட்சம் தருகிறேன், காட்டிவிட்டுத் திருப்பித் தா" என்றார். என் கணவர் மறுத்துவிட்டார். கடன் வாங்கிய காசைக் காட்டக்கூடாது என்பது விதி. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி மிகுதியும், இருக்கிற கடன்களும்கூட வர வேண்டும். விதியை விடுங்கள். காட்டுவதற்கு மட்டும் பணம் உள்ளவர்கள் அங்கே போய் என்ன செய்வார்கள் என்று இப்போது நினைத்தால் எனக்கு நடுங்குகிறது.

புறப்படுவதற்கு முன் யாழ்ப்பாணத்திலேயே முடித்திருக்க வேண்டிய வேலைகள் சில. ஊழியர் சேமலாப நிதியை, நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள் எடுக்கலாம். ஆனால் விசா கையில் வந்த பிறகுதான் கேட்க முடியும், உடனே கிடைக்காது. அதைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள். பிந்தி வரும் காசாக எழுதுங்கள். காணி விற்ற காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் பலர். வேண்டாம். குடிபெயர்கிறவர்கள் வங்கி வழியாகக் கொண்டுபோக ஒழுங்கு இருக்கிறது. எவ்வளவு என்ற எல்லை அடிக்கடி மாறுவதால் வங்கியிலேயே நேரில் கேளுங்கள், உறுதியின் பிரதியும் கையில் இருக்கட்டும். கனடாவில் இறங்கும்போது 10,000 டொலரோ அதற்கு மேலோ காசாகவோ வங்கி வரைவாகவோ வைத்திருந்தால் எல்லையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஒரு தொந்தரவும் இல்லை. மிச்சமிருக்கும் வீடு வளவுக்கு நம்பிக்கையான ஒருவர் பெயரில் அற்றோணித் தத்துவம் எழுதிவிட்டுப் போங்கள். வாகனம் ஓட்டுகிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், எத்தனை வருடமாக அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று ஒரு கடிதம் எடுங்கள். என் கணவருக்குப் பதினொரு வருட அனுபவம். கடிதம் இல்லாததால், நாங்கள் போன ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு வருட அனுபவமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பல் வைத்தியத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். மகனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. புறப்படுகிற அவசரத்தில், "அங்கே போய்ப் பார்க்கலாம்" என்றேன். இங்கே சில ஆயிரம் ரூபாவோடு போயிருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு முழுவதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்; மறுநாள் 480 டொலர் கொடுத்தேன். அங்கே ஓஹிப் என்ற அரச மருத்துவக் காப்புறுதி அட்டை வைத்தியரைப் பார்க்க உதவும், பல்லுக்கு உதவாது. ஆனால் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்டாரியோ' என்று ஓர் இலவசத் திட்டம் இருக்கிறது, 17 வயது வரைக்கும். அது எனக்குத் தெரிந்தது காசு கொடுத்து மூன்று மாதம் கழித்து, பாடசாலையில் வேறொரு தாய் சொல்லி.

இனி அந்த அட்டவணைக்கு வருகிறேன். ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகளிடம்தான், "அக்கா, மாதம் எவ்வளவு முடியும்?" என்று கேட்டேன். "இரண்டாயிரத்து இருநூறு இருந்தால் சமாளிக்கலாம்" என்றார். அக்கா பொய் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன் வீடு வாங்கியவர், பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், இரண்டு கார் நிற்கிறது. அவருடைய சீவியத்துக்கு அது சரியான கணக்கு. நான் 26,400ஐ 2,200ஆல் பிரித்தேன். சரியாகப் பன்னிரண்டு! ஒரு வருடம் வேலையே கிடைக்காவிட்டாலும் பயமில்லை என்று கொப்பியில் அடிக்கோடு போட்டேன். முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்தவர்; எந்தக் கணக்கையும் விரலால் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். கூட்டிப் பார்த்துவிட்டு, "அவசரத்துக்கு வந்துபோக என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். "அதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் அப்பா" என்றேன். கொப்பியை மூடித் தந்துவிட்டார்.

உறவினரிடம் கேளுங்கள், ஆனால் வேறு கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் வந்து இறங்கிய பிறகு முதல் சம்பளம் எத்தனையாவது நாள் கையில் வந்தது? வீட்டுக்காரர் சாவியைத் தருவதற்கு முன் எவ்வளவு வாங்கினார்? முதல் மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் வந்த செலவுகள் என்னென்ன? இந்தக் கேள்விகளுக்கு இருபது வருடம் இருந்தவர்களால் பதில் சொல்ல முடியாது; அவர்கள் மறந்துவிட்டார்கள், விலையும் மாறிவிட்டது. போன வருடம் போன இரண்டு குடும்பங்களைத் தேடிப்பிடியுங்கள். நேரில் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டதை மறக்காதவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

2024 ஜனவரி நடுப்பகுதியில் இறங்கினோம். குளிரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அதன் காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த முதல் வாரங்களில் எதைப் பார்த்தாலும் 240ஆல் பெருக்கினேன். நாலு லீற்றர் பால் ஆறு டொலர், அப்படியானால் 1,440 ரூபா என்று கடையிலேயே நின்றுவிடுவேன். குளிர்ச்சட்டை 120 டொலர் என்றதும் முப்பதாயிரம் ரூபாவா என்று பதறி, நான்கு பேருக்கும் 35 டொலர்ச் சட்டை வாங்கினேன். மூன்றாம் நாள் பாடசாலையிலிருந்து வந்த மகளின் உதடு நீலமாக இருந்தது. திரும்பவும் போய் நல்ல சட்டை வாங்கினேன். முதல் 140 டொலரும் வீண். பிள்ளைகளின் உடுப்புக்கு 13 சதவீத விற்பனை வரிக்குப் பதிலாக 5 சதவீதம்தான் எடுப்பார்கள், அரிசி, பால், மரக்கறிக்கு வரியே இல்லை. மற்றப் பெரும்பாலானவற்றில் விலைச்சீட்டில் இருப்பதோடு 13 சதவீதத்தை நீங்களே மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும். என் கொப்பியில் இந்த வரி எங்கேயும் இல்லை. மெத்தை, போர்வை, சட்டி பானை, உடுப்பு எல்லாம் சேர்ந்து முதல் மாதம் 2,300 டொலர். கோடையில் போய் இறங்கினால் இதில் பாதியைப் பிற்போடலாம், பாவித்ததை ஆறுதலாகத் தேடி வாங்கலாம். விசா மருத்துவப் பரிசோதனையின் ஒரு வருடத்தோடு கட்டுப்பட்டது என்பதால் நினைத்த மாதத்தைத் தெரிவுசெய்ய முடியாதுதான். முடிந்தவர்கள் மேயிலிருந்து ஓகஸ்டுக்குள் போகப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய அடி வாடகையில் விழுந்தது. வீட்டுக்காரர் மேலே இருக்க, நிலத்துக்குக் கீழ்த்தளத்தில் இரண்டு அறை பேஸ்மென்ட், மாதம் 1,950 டொலர். வேலை இல்லை, அங்கே கடன் வாங்கிக் கட்டிய வரலாறு இல்லை, அதனால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தா என்றார் வீட்டுக்காரர். அவரும் நம்மவர்தான், தமிழில் அன்பாகத்தான் கேட்டார். அக்காவின் வீட்டில் எட்டுப் பேர் ஒரே குளியலறையோடு இரண்டு கிழமையாக இருந்தோம். அக்காவின் முகம் சுருங்குவதற்குள் போய்விட வேண்டும் என்ற ரோசம் எனக்கு. 11,700 டொலரை எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் வீட்டுக்குச் சேதம் வந்தால் என்று 500 டொலர். மூன்று பரப்புக் காணியில் ஒன்றரைப் பரப்புக்கு மேல் அந்த ஒரு கையெழுத்தில் போனது. பிறகுதான் படித்தேன்: ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் வைப்பாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டுமே, அதுவும் கடைசி மாத வாடகையாகக் கழிய வேண்டும். சேதத்துக்கென்று வைப்பு வாங்கவே கூடாது. முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து 3,900 டொலரோடு முடிந்திருக்க வேண்டிய விடயம். இப்போது போகிறவர்களுக்கு நான் சொல்வது: வங்கிக் கணக்கின் மிகுதியைக் காட்டுங்கள், உறவினர் யாராவது பிணை நிற்பாரா என்று கேளுங்கள் (காசு கேட்பதைவிட இதைக் கேட்பது சுலபம்), அப்படியும் சரிவராவிட்டால் இன்னொரு வீடு பாருங்கள். இன்னும் ஒரு மாதம் உறவினர் வீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்து, அவர்கள் சமையலறைச் செலவை முழுதாக ஏற்றுக்கொண்டால், யாருக்கும் மனக்கசப்பு வராது. ரோசம் மிகவும் விலை கூடிய பொருள், அதை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் இங்கே படவரைஞர். அங்கே அந்த வேலைக்கு அங்குள்ள அனுபவத்தைக் கேட்டார்கள். மார்ச் மூன்றாம் கிழமைதான் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை கிடைத்தது, மணிக்கு அன்றைய சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமான 16.55 டொலருக்கு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம். முதல் சம்பளம் கையில் வரும்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. இறங்கியதிலிருந்து எண்பது நாள். அந்த எண்பது நாளும் வரவுப் பக்கம் வெறும் பூச்சியம். நானும் வேலைக்குப் போகலாம் என்றுதான் கொப்பியில் இருந்தது, மூன்றாம் மாதத்திலிருந்து. ஆனால் மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்பது. பாடசாலை இலவசம், ஆனால் மூன்றரை மணிக்கு முன் வாசலில் யாராவது நிற்க வேண்டும். பாடசாலைக்குப் பின்னான பராமரிப்புக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டினால், பகுதிநேர வேலையில் நான் உழைப்பதில் பாதிக்கு மேல் போய்விடும். கோண்டாவிலில் அம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரியும் சும்மா செய்த வேலைக்கு இவ்வளவு பெறுமதி என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரின் சம்பளத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் வருடத்துக்கு ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளம், அதுவும் நாலாவது மாதத்திலிருந்து என்று எழுதுங்கள். முந்தி வந்தால் சந்தோசம்.

இரவு வேலைக்குப் போக பஸ் சரிவரவில்லை. கார் வாங்கினோம். இங்கேதான் 240ஆல் பெருக்கும் பழக்கம் எதிர்ப்பக்கமாக ஏமாற்றியது. 6,200 டொலர் என்றால் பதினைந்து இலட்சம்; அந்தக் காசுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு முச்சக்கரவண்டிதான் வாங்கலாம். எவ்வளவு மலிவு என்று இரண்டு பேரும் மகிழ்ந்துபோனோம். காப்புறுதி மாதம் 340 டொலர் என்பது கையெழுத்திடும் நாளில்தான் தெரிந்தது. புதிதாக வந்தவர், அனுபவக் கடிதமும் இல்லை. காரின் விலையைக் கேட்பதற்கு முன் உங்கள் பெயருக்கும் உங்கள் முகவரிக்கும் காப்புறுதி எவ்வளவு என்று கேளுங்கள். வாடகை வீட்டை வேலைக்கு நேரடி பஸ் உள்ள வீதியில் எடுத்தால் கார் ஒரு வருடம் பொறுக்கும். ரொறன்ரோவில் பஸ், சுரங்க ரயில் இரண்டுக்கும் மாதச் சீட்டு 2025இல் 156 டொலராக இருந்தது. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கார் வாங்கிய கிழமை கணக்கில் 1,700 டொலர் இருந்தது. ஏப்ரல் கடைசியில் அக்காவிடம் 3,000 கடன் கேட்டேன். தந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் கனமானது. பிள்ளைகளுக்காக அரசு ஒவ்வொரு மாதமும் ஒரு கொடுப்பனவு தருகிறது. நிரந்தர வதிவிடத்தோடு போகிறவர்கள் இறங்கியவுடனேயே அதற்கு விண்ணப்பிக்கலாம்; ஆர்.சி. 66 என்ற படிவமும், புதிதாக வந்தவர்களுக்கான அதன் இணைப்பும். (வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ போகிறவர்கள் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவர்கள் இதைத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது.) எங்கள் வருமானத்துக்கு அப்போது மகளுக்கு மாதம் 619 டொலர், மகனுக்கு 522 டொலர். இரண்டையும் சேர்த்தால் 1,140 டொலருக்கு மேல். வாடகையில் பாதியைவிடக் கூட. ஆனால் யாரோ, "அது வரிக்கணக்குக் காட்டிய பிறகுதான் வரும்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். எதையும் எழுத்தில் பார்க்காமல் ஏற்காத நான், களைப்பில், சரி என்று விட்டுவிட்டேன். படிவத்தைத் தபாலில் போட்டது மே மாதக் கடைசியில்.

ஓகஸ்ட் முதல் கிழமை, அங்கே இரவு பதினொரு மணிக்குத் தம்பி அழைத்தான். அப்பா காலையில் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டவர், படியிலேயே இருந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. நான் முதலில் அழவில்லை. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 912 டொலர். முன்கூட்டியே கட்டிய ஆறு மாதமும் முடிந்து, ஓகஸ்ட் வாடகை போன பிறகு மிஞ்சியது. விடுமுறைக் காலம், போய்வர டிக்கெட் 2,300 டொலர். அக்காவிடம் வாங்கிய மூவாயிரத்தில் ஒரு சதமும் திருப்பியிருக்கவில்லை. மறுபடியும் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும், இரவு வேலைக்குப் போகிறவரிடம் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எப்படி வருவது? செத்தவீட்டைத் தம்பி கைபேசியில் காட்டினான். யாரோ முன்னால் வந்து நிற்க, அப்பாவின் கால் மட்டும் தெரிந்தது. பேஸ்மென்டின் அடுப்பு மேசையில் சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்துவைத்துப் பார்த்தேன். சத்தமாக அழுதால் மேலே இருக்கிற வீட்டுக்காரருக்குக் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை நடந்ததையும் அப்படியேதான் பார்த்தேன்.

ஓகஸ்ட் 20ஆம் திகதி பிள்ளைகளின் கொடுப்பனவு வந்தது. பெப்ரவரியிலிருந்து எல்லா மாதத்துக்கும் சேர்த்து எட்டாயிரம் டொலருக்கு மேல். ஜனவரியிலேயே அந்தப் படிவத்தைப் போட்டிருந்தால் அந்தக் காசு என் கணக்கில் இருந்திருக்கும், நான் அப்பாவின் தலைமாட்டில் இருந்திருப்பேன். ஒரு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இறங்கிய கிழமையே, வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சின் இலக்கம் எடுங்கள், அது இலவசம். ஓஹிப் அட்டைக்குப் போங்கள், முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இலிருந்து இல்லை. அதே கிழமையில் அந்தப் படிவத்தைப் போடுங்கள். மெத்தை வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

அந்தக் காசு வந்த பிறகு அக்காவின் கடனைக் கொடுத்தேன். என் கணவர் பகல் வேலைக்கு மாறினார், நான் மாலையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். மாதம் 3,700 டொலர் அளவில் முடிகிறது, வரவு அதைவிடச் சற்று மேலே நிற்கிறது. வருமானம் ஒழுங்கான பிறகு எழுதினால் எந்த அட்டவணையும் சரியாகத்தான் வரும். அதனால்தான் அன்ரியின் மகனிடம் அந்த 3,700ஐச் சொல்லவில்லை. அவனுடைய கைபேசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அப்பாவின் மேசை லாச்சியிலிருந்து பழைய சீஆர் கொப்பியை எடுத்து, பின்பக்கத்தில் கோடு போட்டோம். மேலே கிழமைகள், ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை. ஒவ்வொரு கிழமைக்கும் கீழே போகிற காசு, வருகிற காசு. பதினாலாவது கிழமை வரை வருகிற பக்கத்தில் எதுவும் எழுத விடவில்லை. அவன் மனைவி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், பதினொராவது கிழமையில் கையிருப்பு நாலாயிரத்துக்குக் கீழே இறங்கியதும், "அப்படியானால் ஒக்டோபரில் இவர் மட்டும் போகட்டும், நாங்கள் வசந்தத்தில் வருகிறோம்" என்றாள். அவன் உடனே மறுத்தான். பிறகு யோசித்தான். அது அவர்கள் இருவரும் பேசி முடிக்க வேண்டியது. நான் வாய் திறக்கவில்லை.

எல்லாக் கோட்டுக்கும் மேலே, முதல் கிழமைக்கும் முன்னால், 2,500 டொலர் என்று எழுதினேன். "இது என்ன அக்கா?" என்றான். வந்துபோகிற டிக்கெட் என்றேன். இதை வேறொரு கணக்கில், மனைவியின் பெயரில் போடச் சொன்னேன். "வாடகைக்குக் குறைந்தால் இதிலிருந்து எடுக்கலாமா?" என்று கேட்டான். "எடுக்கக்கூடாது" என்று அவன் மனைவி சொன்னாள். உள்ளே அம்மா திவசத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பேனையை மூடிக் கொப்பியை அவளிடம் கொடுத்தேன்.